மறைத்த எழுத்தும் மறந்த எழுத்தும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், போபாலில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த சான்றோர் பலர் பேசியிருக்கின்றனர். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டோம். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கிறோம். எம்மைப் பேச அழைத்த செயலாளர் அவர்கள், "இலக்கியம் வேண்டா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறீர்களே, அந்த எண்ணெழுத்துப் புதிர், அதைச் சொன்னால் போதும்" என்றார்கள். அவ்வாணையைத் தலைமேற்கொண்டு, மறைத்து எழுதிய எழுத்தை மொழியின் போக்கைக் கொண்டு எங்ஙனம் படிப்பது என்பதைப் பற்றிச் சில சொல்ல முன்வந்துள்ளோம்.

இரகசியம் என்பது நமக்குப் புதியதன்று. வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தாய்மொழியே ஓர் இரகசிய மொழி. காய்கறிச் சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு, "இவர் கூடச் சொல்கிறார், அடுத்த கடைக்குப் போவோம்" என்று துணைவியாரிடம் தமிழில் சொல்லாதவர் இவ்வவையில் எவரேனும் உண்டோ? நாமும் ஒருமுறை அவ்வாறே சொன்னோம். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க சார், குறைச்சே தர்றேன்" என்றார்! சேலத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவராம். அன்று நமக்குக் கிடைத்த பாடம் இது: எதிரிலிருப்பவர் மொழியை அறியாதிருக்கும் வரையில்தான் இரகசியம் நிற்கும்.

குறியும் மாற்றெழுத்தும்

மறைத்து எழுதுவதில் இரு வகை உண்டு. ஒன்று குறி, மற்றொன்று மாற்றெழுத்து. ரயில்வேயில் ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு குறி உண்டு. போபால் பி.பி.எல்.; நாகபுரி என்.ஜி.பி. சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு எம்.ஏ.எஸ். 1996-இல் மெட்ராஸ் சென்னையாயிற்று. 2019-இல் நிலையத்தின் பெயரும் மாறிற்று. குறி மட்டும் மாறவில்லை. இத்தகைய குறியைப் பட்டியலைப் பார்த்துத்தான் அறிய முடியும்; யோசித்துக் கண்டுபிடிக்க இயலாது.

மாற்றெழுத்து அப்படிப்பட்டதன்று. அதில் ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தோ, எண்ணோ, படமோ நிற்கும். ஆனால் எழுத்து வரும் ஒவ்வோர் இடத்திலும் அதே அடையாளமே நிற்கும். பழைய ஜவுளிக்கடைகளில் பத்து வேறுபட்ட எழுத்துக்களை உடைய ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அவ்வெழுத்துக்களால் கொள்முதல் விலையைத் துணிச் சீட்டில் குறிப்பார்கள். அதுவும் மாற்றெழுத்தே. நம் நாட்டில் இக்கலை மிகத் தொன்மையானது. வாத்சியாயனர் தொகுத்த 64 கலைகளுள் மறைத்து எழுதுதலும் ஒன்று. அதற்குப் பின்னாளில் உரை எழுதிய யசோதரர், எழுத்துக்களை இணை இணையாக இடம் மாற்றும் மூலதேவீயம் என்னும் முறையையும் எடுத்துரைக்கின்றார்.

இவ்வாறு மாற்றிய எழுத்தைப் படிப்பது எளிதோ? ஆங்கில எழுத்து 26. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி அமைக்கும் வகைகளை எண்ணினால் 27 இலக்கமுள்ள ஒரு பேரெண் வரும். ஒவ்வொன்றாகச் சோதிப்பதென்றால் பிறவி பல வேண்டும். ஆயினும் பள்ளிச் சிறுவரும் ஒரு மாலைப் பொழுதில் அதனை அவிழ்த்துவிடுகின்றனர். அது எப்படி?

எண்ணிப் பார்த்த அறிஞர்

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் அறிஞர் அதற்கு விடை கண்டார். அவர் எழுதிய சுவடி 20-ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் நகரத்து ஏட்டுத் தொகுதியில் கண்டெடுக்கப்பட்டது. அவர் கூறும் வழி இது: மறைமடல் எந்த மொழியில் உள்ளதோ, அதே மொழியில் வெளிப்படையாக எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்க. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக. பின்னர் மறைமடலின் அடையாளங்களையும் அவ்வாறே எண்ணுக. அங்கே மிகுதியாக வருவதும் இங்கே மிகுதியாக வருவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

வேடத்தை மாற்றலாம், நடையை மாற்ற இயலுமோ? ஆங்கிலத்தில் 'இ' என்னும் எழுத்து நூற்றுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு முறை வரும். அதற்கு மீன் படம் போட்டாலும், மீன்தான் நூற்றுக்குப் பன்னிரண்டு முறை வரும்! எட்கர் ஆலன் போ 1843-இலும், கானன் டாயில் 1903-இலும் இந்த நுட்பத்தை வைத்தே புகழ்பெற்ற கதைகளைப் புனைந்தனர்.

இது கதையோடு நின்றதன்று. ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் சிறையிருந்தபோது, மதுப் பீப்பாயின் அடைப்புக்குள் வைத்து மறைமடல்கள் வரும், போகும். எழுத்துக்களுக்கு அடையாளங்கள், சில சொற்களுக்குத் தனி அடையாளங்கள் என அமைந்திருந்தது அவருடைய முறை. எலிசபெத் அரசியின் அமைச்சரிடம் பணிபுரிந்த தாமஸ் பிலிப்ஸ் என்பவர் அதனை எண்ணியும் ஊகித்தும் படித்துவிட்டார். அதோடு நில்லாமல், சதிகாரர் பெயர்களைக் கேட்பதுபோல் அதே அடையாளங்களில் ஒரு பின்குறிப்பையும் பொய்யாகச் சேர்த்து அனுப்பினார். இது நடந்தது 1586-இல். 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் மேரியின் தலை வீழ்ந்தது. மறையெழுத்து இல்லாதிருந்தால் அவ்வரசி அவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்க மாட்டார். பூட்டை நம்பிக் கதவோரம் பொருளை வைத்தாற்போல் ஆயிற்று.

இலக்கணமே திறவுகோல்

இனி நம் தமிழுக்கு வருவோம். பள்ளியில் நன்னூற் சூத்திரங்களை நாம் பிரம்படிக்கு அஞ்சியே மனப்பாடம் செய்தோம். அவற்றால் பயன் என்ன என்று அக்காலத்தில் தெரியவில்லை. மறையெழுத்தைப் படிக்கப் புகுந்தபோதுதான் அச்சூத்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு திறவுகோல் என்பது விளங்கிற்று.

ட், ண், ர், ல், ழ், ள், ற், ன் ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலாக வாரா. வல்லெழுத்து ஆறும் சொல்லின் இறுதியில் தனித்து நில்லா. உகரத்தைத் துணையாகக் கொண்டே நிற்கும். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வாரா. வந்தால் யகரமோ வகரமோ இடையே புகுந்து உடம்படுமெய்யாகும். ர், ழ் நீங்கலான மெய்களே இரட்டிக்கும். தகரத்திற்கு முன் நிற்கும் இன எழுத்து நகரமே. எண்ணிப் பார்க்க ஒரு பக்கம் எழுத்து இல்லாத சிறு மடலையும் இவ்விதிகளைக் கொண்டு படித்துவிடலாம். இதற்கு எம் அனுபவம் ஒன்றையே சான்றாகத் தருகிறோம்.

2017-ஆம் ஆண்டு மழைக்காலம். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் உயிர்மெய் எழுத்து என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஓர் உபாயம் செய்தோம். உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்துக்களுக்கும் 1 முதல் 30 வரை எண்களைத் தாறுமாறாக இட்டு, 'அம்மா' என்பதை அ, ம், ம், ஆ என நான்கு எண்களால் எழுதிக் காட்டினோம். வகுப்பில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வாய் திறவான், கேள்வி கேட்டால் இந்தியில் ஒரு சொல் விடை வரும். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, 'தமிழ் வரவில்லை' என்று நாம் எழுதி வைத்திருந்தோம்.

இரு வாரங்கள் கழிந்து, வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும்போது, அவனும் அவன் தோழனும் அமர்ந்திருந்த இடத்தில் ஒரு தாள் கிடந்தது. அதில் எண்களால் பத்துச் சொற்கள் இருந்தன. நாம் கொடுத்த எண் வரிசையன்று. அவர்களாகவே புதிதாக அமைத்துக்கொண்டது. பிறர் மடலைப் படித்தல் முறையன்று. எனினும் ஆவல் அடக்க இயலாததாயிற்று. அத்தவற்றை இவ்வவையில் ஒப்புக்கொள்கிறோம். தாளில் இருந்தவை இவை:

முதற் சொல்: 17 6 6 23 30 4 11 11 4
இரண்டாம் சொல்: 2 23 25 25 17 14
மூன்றாம் சொல்: 30 17 19 8 4 30 9 21 21 17 8 4
நான்காம் சொல்: 17 21 4 8 8 17
ஐந்தாம் சொல்: 30 23 5 17 2
ஆறாம் சொல்: 30 17 11 4 6 6 4 11 11 4
ஏழாம் சொல்: 30 17 5 17
எட்டாம் சொல்: 2 23 21 21 28 16
ஒன்பதாம் சொல்: 27 23 5 9 21 17 2 4 2
பத்தாம் சொல்: 3 12 14 14 23 8 28

மொத்தம் 74 எண்கள். அவற்றுள் வேறுபட்டவை 19.

முதற்கண் உயிர் எது, மெய் எது என்று பிரித்தோம். இரட்டித்து வருவன 6, 8, 11, 14, 21, 25. உயிர் இரட்டிக்காது, ஆகவே இவை ஆறும் மெய். இரட்டித்த மெய்யை அடுத்து வருவது உயிராகவே இருக்கவேண்டும். அவ்வாறு வருவன 4, 17, 23, 28. இந்நான்கும் உயிர்.

17 பதினொரு முறை வருகிறது; இரு சொற்களுக்கு முதலாகவும் நிற்கிறது. 4 ஒன்பது முறை வருகிறது; ஒரு சொல்லுக்கும் முதலாகவில்லை, மூன்று சொற்களுக்கு இறுதியாகிறது. சொல்லின் இறுதியை விரும்பும் உயிர் எது? வல்லெழுத்துக்குத் துணை நிற்கும் உகரமன்றோ! எனவே 4 உகரம். மிகுதியாக வரும் 17 அகரம் எனக் கொண்டோம்.

முதற் சொல்லும் ஆறாம் சொல்லும் 11 11 4 என்று ஒரே வகையாக முடிகின்றன. உகரத்தில் முடியும் இரட்டை மெய். பெயருக்குப் பின்னே வந்து ஒட்டும் வால். நான்காம் வேற்றுமையின் 'க்கு' என ஊகித்தோம். 11 ககர மெய்யானால், ஆறாம் சொல்லில் இரண்டாம் எழுத்து 'கு', இறுதி 'உக்கு'. வகுப்பில் கிடந்த தாளில் வேறென்ன இருக்கும்? 'வகுப்புக்கு'! அதனால் 30 வகரம், 6 பகரம். அவற்றை முதற் சொல்லில் இட்டால், அ ப் ப் என்று தொடங்கி, ஓர் உயிர் நின்று, 'வுக்கு' என்று முடிகிறது. 'அப்பாவுக்கு' எனத் தானே வாய் படித்தது. 23 ஆகாரம்.

2 என்னும் எண் சொல்லுக்கு முதலிலும் வருகிறது, இறுதியிலும் வருகிறது. இரண்டு இடத்திற்கும் உரிய மெய்கள் தமிழில் மிகச் சில. வழக்கில் மகரமும் யகரமுமே எனலாம். ஒன்பதாம் சொல் உகரத்தோடு கூடி 4 2 என முடிவதால் 'உம்' எனக் கொண்டு, 2 மகரம் என்றோம். ஐந்தாம் சொல் 'வா–ம்' என்று இடையில் ஓரெழுத்து விட்டு நின்றது. ஏழாம் சொல் 'வ' என்று தொடங்கி அதே எழுத்தோடு முடிந்தது. 'வாரம்', 'வர'. 5 ரகரம்.

வாரத்திற்கு முன்னே அ என்று தொடங்கி அகரத்தில் முடியும் நான்காம் சொல், 'அடுத்த'. 21 டகரம், 8 தகரம். தகரத்திற்கு முன் நின்ற 19 நகரம் என்று விதியே சொல்லிவிட்டது. மூன்றாம் சொல் 'வந்துவிட்டது'. எட்டாம் சொல் 'மாட்டேன்'. ஒன்பதாம் சொல் 'யாரிடமும்'. யாரிடமும் என்ற பின் 'ஆதே' என்று விலக்கும் சொல் எதுவாக இருக்கும்? 'சொல்லாதே'.

எஞ்சியது இரண்டாம் சொல் ஒன்றே. 'அப்பாவுக்கு — வந்துவிட்டது.' அப்பாவுக்கு என்ன வந்தது? மா என்று தொடங்கி, அல் என்று முடிகிறது. இடையே ஓர் இரட்டை மெய். வல்லெழுத்துக்களில் க், ச், ட், த், ப் ஐந்துக்கும் எண் கிடைத்துவிட்டது. மீந்தது ற் ஒன்றுதான்.

'அப்பாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வாரம் வகுப்புக்கு வர மாட்டேன். யாரிடமும் சொல்லாதே.'

மாற்றல் என்னும் சொல்லின் பொருளை இவ்வவையில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. நம்மில் பலர் அச்சொல்லின் வழியாகவே இந்நகருக்கு வந்தவர்கள். அச்சொல்லின் வழியாகவே பிரிந்து போகிறவர்கள். எம்மை வருத்தியது வேறொன்று. 74 எழுத்துக்களில் ஒரு பிழை இல்லை. பெரியவர்களும் தடுமாறும் இடம் றகரம். அச்சிறுவன் மாற்றலுக்கு உரிய இரு றகரங்களையும் செம்மையாக இட்டிருந்தான். இந்தி பேசும் பள்ளியில் பயிலும் அப்பிள்ளை, தன் மனத்தில் கிடந்த துயரத்தைத் தோழனுக்குச் சொல்லத் தமிழைத்தான் தேர்ந்தெடுத்தான். 'தமிழ் வரவில்லை' என்று நாம் எழுதியதுதான் பெரும்பிழை. அன்றிரவே பதிவேட்டை எடுத்து அவ்வரியை அடித்தோம். ஆனால் விடைபெறாமலே அவன் போய்விட்டான். யாரிடமும் சொல்லாதே என்றிருந்தமையால் நாமும் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

மறந்த எழுத்து

இதுகாறும் சொன்னது மறைத்த எழுத்தின் கதை. எவரும் மறைக்காமலே மறைந்துபோன எழுத்தின் கதை ஒன்று உண்டு. அது நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது.

நம் போபாலிலிருந்து பீனா செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் சாஞ்சி. விருந்தினர் வந்தால் நாமனைவரும் அழைத்துச் செல்லும் இடந்தான். பெரிய தூபியைச் சுற்றியுள்ள கல் வேலியில் சிறு சிறு வரிகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வெழுத்து பிராமி. அசோகர் காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் ஊரறியக் கல்லில் பொறித்த எழுத்து அது. ஆனால் காலப்போக்கில் அதனைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமற் போயினர். 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் இரண்டு அசோகத் தூண்களைத் தில்லிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அறிஞரை அழைத்துப் படிக்கச் சொன்னார், ஒருவராலும் இயலவில்லை. கிரேக்க எழுத்தோ என்று பின்னாளில் ஐயுற்றவரும் உளர். உலகறிய எழுதியதே பெரும் இரகசியமாய் முடிந்தது!

கல்கத்தா நாணயசாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் அதனை அவிழ்த்தார். தொழில் உலோகத்தைச் சோதிப்பது. ஆர்வம் பழைய எழுத்தைப் படிப்பது. 1834-இல் அலகாபாத்துத் தூணின் எழுத்துக்களை வகைப்படுத்தி எண்ணினார். ஒரே எழுத்து சிறு சிறு கோடுகளை ஏற்று வேறுபடுவதைக் கண்டு, நம் உயிர்மெய்க் குறியீடு போன்ற முறை இதில் உண்டு என்று தெளிந்தார். ஆயினும் எழுத்தின் ஒலி எளிதில் விளங்கவில்லை.

1837-இல் காப்டன் எட்வர்டு ஸ்மித் சாஞ்சிக் கல்வேலியின் வரிகளைப் படியெடுத்து அனுப்பினார். பிரின்செப் அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். வரிகள் வெவ்வேறு, ஆனால் முடிவு ஒன்று. ஏறக்குறைய எல்லாம் அதே இரண்டு எழுத்துக்களால் முடிந்தன. ஒரு கோயிலைச் சுற்றித் தனித்தனிக் கல்லில் தனித்தனி வரி. எல்லாவற்றிற்கும் ஒரே முடிவு. அது என்னவாக இருக்கும்? நம் ஊர்க் கோயில்களில் குழல்விளக்கின் மேலும் 'உபயம்' என்று எழுதியிருப்பதைக் கண்டவர்க்கு இது விளங்காமற் போகுமோ? 'தானம்' என்றே அது இருக்கவேண்டும் என ஊகித்தார். 'தா', 'நம்' என இரண்டெழுத்து. அதற்கு முன்னே அடிக்கடி வந்த எழுத்து, 'இன்னாருடைய' என்று பொருள்படும் பிராகிருத வேற்றுமை உருபு 'ஸ'. நமக்குக் 'க்கு' உதவியதுபோல் அவருக்கு 'ஸ' உதவிற்று. சில வாரங்களில் எழுத்து முழுவதும் வசமாயிற்று. தூண்களில் வரும் 'தேவர்களுக்கு உகந்த பியதசி' அசோகரே என்பதை இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் பாலி நூல் கொண்டு தெளிவாக்கினார். பிரின்செப் உடல்நலம் கெட்டு 1838-இல் இந்தியாவை விட்டு நீங்கி, 1840-இல், நாற்பதாம் வயதில் காலமானார்.

படித்த பின் தெரிந்தது என்ன? அவ்வரிகளில் துறவியரும் வணிகரும் பெண்டிரும் தத்தம் பெயரையும் ஊரையும் சொல்லித் தானம் கொடுத்திருந்தனர். தெற்கு வாயிலின் ஒரு சிற்பத்தைச் செய்தவர் விதிசா நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று ஒரு வரி கூறுகிறது. மன்னர்தம் பெயரோடு உழைப்பாளர் பெயரும் கல்லில் இருந்தது, படிப்பாரின்றிக் கிடந்தது.

இதற்குத் தமிழ்நாட்டிலும் ஓர் இணை உண்டு. மதுரைக்கு அண்மையில் மாங்குளத்துக் குகையில் உள்ள கல்வெட்டை இராபர்ட் சுவெல் 1882-இல் கண்டார். எழுத்து பிராமி போலவே இருந்தது. ஆயின் வடநாட்டு மொழியாகப் படித்தால் பொருள் படியவில்லை. 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அம்மொழி தமிழே என்று எடுத்துக்காட்டினார். எதைக் கொண்டு? வடநாட்டுப் பிராமியில் இல்லாத சில வடிவங்கள் அங்கே இருந்தன. அவை ழகரம், ளகரம், றகரம், னகரம். வடமொழிகளுக்குரிய மெலித்தும் மூச்சுவிட்டும் ஒலிக்கும் வல்லெழுத்துக்கள் அங்கே பெரும்பாலும் இல்லை. இருப்பதும் தடயம், இல்லாததும் தடயம். பின்னர், ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் குகை குகையாக ஏறி இறங்கிய ஐராவதம் மகாதேவன் (1930–2018) அக்கல்வெட்டுக்களைத் தொகுத்து ஆராய்ந்து, 2003-இல் பெருநூலாக வெளியிட்டார். மாங்குளத்துக் கல்லில் நெடுஞ்செழியன் பெயர் இன்றும் நின்று பேசுகிறது.

நமக்கு உரிய பாடம்

அன்பர்களே! மறைத்த எழுத்துக்குத் திறவுகோல் மொழியின் ஒழுங்கு. மறந்த எழுத்துக்கும் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மறைத்த எழுத்தைப் படிக்க வெளியார் முயல்வர். உரியவருக்குத் திறவுகோல் முன்பே தெரியும். மறந்த எழுத்தை உரியவரே படிக்க இயலாது நிற்பர். வெளியார் ஒருவர் வந்து படித்துச் சொல்ல வேண்டியதாகும்.

நம் இல்லங்களில் உள்ள பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பேச்சுத் தமிழ் அவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தெரியாதவர் பலர். ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுகிறார்கள். அப்பாட்டி எதையும் மறைத்து எழுதவில்லை. ஆயினும் பேரனுக்கு அக்கடிதம் சாஞ்சிக் கல்லாகவே நிற்கிறது. அப்பாவும் இல்லாத காலத்தில், பெட்டியில் கிடக்கும் அக்கடிதங்களை யார் படிப்பார்? நம் வீட்டிற்கும் ஒரு பிரின்செப் வரவேண்டுமோ? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினால் அந்த நிலை வராது. வாய் திறவாத பிள்ளையையும் அனுப்புங்கள். 'வரவில்லை' என்று இனி எவர் பெயருக்கு எதிரேயும் நாம் எழுதமாட்டோம்.

முடிவாக ஒன்று. அச்சிறுவனின் தந்தையார் எந்த ஊருக்குப் போனார் என்பதைச் சில நாட்களுக்குப் பின் விசாரித்து அறிந்தோம். ஓர் அஞ்சலட்டை வாங்கினோம். அவனுடைய எண்களில் நமக்குத் தெரிந்தவை 19 எழுத்துக்களே; அவற்றுள் அடங்கும் சொல் ஒன்றைத் தேடி, 19 17 14 17 2 23 என்று மட்டும் எழுதி அனுப்பினோம். 'நலமா' என்பது அதன் பொருள். அவன் இரகசியம் வெளிப்பட்டது என்பதும் அதனால் அவனுக்குத் தெரிந்துவிடும். சினந்தாலும் சினக்கட்டும் என்று இருந்தோம்.

மூன்று திங்கள் கழித்து விடை வந்தது. முன்பக்கம் எம் முகவரி, அழகிய தமிழ் எழுத்தில். பின்பக்கம் இரண்டே சொற்கள், எண்களில். அந்த அட்டையை இன்றும் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். அதனை இங்கே நாம் படித்துக் காட்டப் போவதில்லை. முன்னே தந்த தாளே திறவுகோல். வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

2 17 25 17 11 11 17
2 23 21 21 28 16